பதினோரு படி

தாராவி, மேல்வீடு
5-2-2025, புதன்

மச்சானுக்கு,

சலாம். சண்டை போட்டாலும் சலாமை நிறுத்தக்கூடாது என்று சொல்லித்தான் என் உம்மா வளர்த்தாள். அதனால் இந்தச் சலாம் உங்களுக்காக இல்லை, உம்மாவுக்காக.

கீழே பை தைக்கிற கார்கானாவில் நீங்கள், மேலே நான், நடுவில் பதினோரு படி இரும்பு ஏணி. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, கீழே இருக்கிற புருஷனுக்கு மேலே இருந்து கடுதாசி எழுதுகிறவள் இந்தச் சந்திலேயே நான் ஒருத்திதான். வேறு என்ன செய்ய? என் போன் காலை ஆறரைக்கே நம் மகள் ஷமீமாவோடு கோபர்கைரனே ஆபீசுக்குப் போய்விடுகிறது. யாரிடமாவது வாங்கி உங்களுக்குப் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு மிஷினில் இருக்கிற ஐந்து காரிகருக்கும் கேட்க வைப்பீர்கள். மேலே இருந்து கத்தினால் சந்து முழுக்கக் கேட்கும். தமிழில் எழுதினால் பயமில்லை. ஷாகிர் உட்பட உங்கள் பீகார்க்காரர்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நாம் பெற்ற மகளே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சாப்பாட்டுக் கூடையில் ரொட்டித் துணிக்கு அடியில் வைத்து இறக்குகிறேன். பதிலையும் அங்கேயே வையுங்கள்.

திங்கட்கிழமை காலை நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு மறந்திருந்தால். ஏணியில் மூன்றாம் படியில் என் கை, பிடிமானத்துக்குத் தொங்குகிற கயிற்றைப் பிடிக்கவில்லை. கால் வழுக்கித் தொங்கினேன். ஷாகிர்தான் ஓடி வந்து தோளைக் கொடுத்தார். நீங்கள் மிஷினை விட்டு எழுந்து வந்து, எல்லாரும் பார்க்க, "எறங்கத் தெரியாதவ எதுக்குப் புள்ள எறங்குத?" என்றீர்கள். எதற்கு இறங்குவேன் மச்சான்? மேலே கக்கூஸா, சண்டாஸா, ஏதாவது இருக்கிறதா? சந்து முனைக்குப் போகத்தானே இறங்கினேன். அதை அத்தனை ஆம்பிளைகள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அந்த ஆத்திரத்தில்தான், "ஒங்க மிஷினுக்கு இருக்க எடம் பொண்டாட்டிக்கு இல்லியே" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நீங்கள் மேலே வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கார்கானாவை மேலே ஏற்றுங்கள், குடித்தனத்தைக் கீழே இறக்குங்கள். நோன்பு தொடங்க இன்னும் இருபத்தைந்து நாள்கூட இல்லை. அதற்கு முன்னால் செய்யுங்கள்.

ஷரீஃபுன்னிசா


கார்கானா
6-2-2025

நிசாவுக்கு,

அலைக்கும் சலாம். பேட்டர்ன் வெட்டுகிற அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், குறை நினைக்காதே. நான் ஆறாவதோடு நின்றவன். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான் ஞாபகம் இருக்கிறது.

நீ கேட்பது நடக்காது. மேல்தளம் பலகையும் தகரமும். நாலு மிஷினை ஏற்றினால் பலகை தாங்காது, எல்லாம் உன் தலையில்தான் விழும். தைத்த சரக்கை எடுக்க வருகிற சேட்டுகள் ஏணி ஏறி வருவார்களா? ஒவ்வொருவருக்கும் தொந்தி இவ்வளவு இருக்கிறது. தோலை மேலே தூக்க ஆள் யார்? பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு கொடுக்க வேண்டிய பைகள் பாக்கி நிற்கின்றன.

டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடு. அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று நீதானே சொன்னாய்.

காரிகர்கள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நானும்தான். ஆனால் நீ சொன்னதை அவர்கள் இந்தியில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சிரித்தார்கள். அது உனக்குத் தெரியாது.

நேற்று பருப்பில் உப்பு இல்லை.

ஷேக் பரீத்


மேல்வீடு
8-2-2025, சனி

மச்சானுக்கு,

பருப்பில் உப்பு ஏன் இல்லை தெரியுமா? உப்பு டப்பாவின் மூடியைத் திறக்க முடியவில்லை. பல்லால் திறந்து பார்த்தேன், வரவில்லை. பக்கத்து வீட்டு முருகம்மாளைக் கூப்பிடலாம் என்றால் அவள் வேலைக்குப் போய்விட்டாள். விடிகாலையில் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து மேலே ஏற்றிவிட்டுப் போகிறாளே, அதுவே பெரிய உபகாரம். அவளிடம் மூடியும் திறக்கச் சொல்வதா?

"சரியாகிவிடும்" என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது, "கூடாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்று. முடக்குவாதம் காய்ச்சல் இல்லை, வந்துவிட்டுப் போக. நாலு வருஷமாக என்னோடு குடித்தனம் இருக்கிறது, உங்களைவிட ஒழுங்காக வீட்டுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அந்த மாத்திரை. சனிக்கிழமை முழுக்க ஓங்கரிப்பு. இன்று சனி. ஓங்கரித்துக்கொண்டே உங்கள் ஐந்து பேருக்கும் உங்களுக்கும் ரொட்டி போட்டிருக்கிறேன், எண்ணிப் பாருங்கள்.

என் காலையைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்தால் விரல் பத்தும் விறைத்துப்போய் இருக்கும். மடக்கினால் மடங்காது. பத்து மணி ஆகும் இளகுவதற்கு. உலகத்தில் எல்லா வேலையும் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. தண்ணீர் வருவது, ஷமீமாவுக்குக் கட்டிக் கொடுப்பது, மாவு பிசைவது, சண்டாஸுக்கு இறங்குவது. என் கைக்குப் பத்து மணிக்கு விடிந்து என்ன பிரயோசனம்?

இன்னொன்று. நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி எவ்வளவு நாளாயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. குடித்தால் இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று கணக்கு வைத்திருக்கிறேன். மாத்திரையை முழுங்க அரை டம்ளர், சோற்றோடு அரை டம்ளர், அவ்வளவுதான். அவசரம் என்றால் மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரிதான். அதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

நோன்பு வந்தால் விடியுமுன் மூன்று மணிக்கு உங்கள் ஆட்களுக்கு சஹர் சாப்பாடு வேண்டும். அந்த நேரத்தில் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எப்படி ஆக்குவேன்? யோசித்தீர்களா?

நிசா


கார்கானா
11-2-2025

நிசாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கிழித்துவிட்டேன்.

யோசித்தேன். உன் தம்பி காசிமிடம் பேசினேன். மேலப்பாளையத்தில் அவன் வீடு தரையோடு தரை. கொல்லையிலேயே கக்கூஸ். குழாயும் உள்ளேயே. "லாத்தாவை அனுப்புங்க மச்சான், நாங்க வச்சுப் பாத்துக்கிடுதோம்" என்கிறான். நோன்பு முடியும்வரை அங்கே இரு. தேவைப்பட்டால் அதற்கு மேலும் இரு. 23ஆம் தேதிக்கு ரயிலில் ரிசர்வேஷன் கிடைக்கும்போல் இருக்கிறது. ஷமீமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். சஹருக்கு ஹோட்டலில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஷேக் பரீத்


மேல்வீடு
12-2-2025, புதன்

ஷேக் பரீத் அவர்களுக்கு,

தையல் பிசகின பையை சேட் என்ன செய்வார்? ரிஜெக்ட் என்று சாக்கில் கட்டி, எங்கே தைத்தார்களோ அங்கேயே திருப்பி அனுப்புவார். என்னையும் அப்படிக் கட்டியாயிற்று. தம்பியிடம் பேசி, ரயிலும் பார்த்து, கடைசியில் எனக்குக் கடுதாசி. நல்லா இருக்கு.

காசிம் வைத்துப் பார்ப்பான். இரண்டு மாதம். மூன்றாம் மாதம் அவன் பெண்சாதி பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நாலாம் மாதம் ஊரில் கேட்பார்கள், "பம்பாய்க்காரன் பொண்டாட்டிய எதுக்கு அனுப்பிட்டான்?" அப்புறம் ஷமீமாவைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? "உம்மாவுக்கு என்ன சீக்கு?" என்றுதானே முதல் கேள்வி வரும்?

அதுவும் போகட்டும். இங்கே பெரியாஸ்பத்திரியில் என் பேப்பர் இருக்கிறது, மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்கிறார்கள். அங்கே அதை யார் பார்ப்பார்?

இந்த வீட்டுக்கு நான் வரும்போது மேல்தளமே கிடையாது. கீழே ஒரே அறை, ஒரே மிஷின். மிஷினுக்குப் பக்கத்தில்தான் நமக்குப் பாய். ஷமீமா பிறந்தது அந்தத் தரையில்தான். பிறகு மிஷின் இரண்டாயிற்று, நாலாயிற்று, நான் மேலே போனேன். சந்தோஷமாகத்தான் போனேன், கார்கானா வளர்கிறதே என்று. இப்போது கேட்கிறேன், என் இடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

23ஆம் தேதி ரயிலில் வேண்டுமானால் நீங்கள் போங்கள். நான் போனால் திரும்பி வர மாட்டேன், சொல்லிவிட்டேன்.

கூடையில் இன்று சோறும் கத்தரிக்காயும் மட்டும்தான்.

ஷரீஃபுன்னிசா


கார்கானா
17-2-2025

நிசா,

ரிசர்வேஷன் போடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மேலே உன் பக்கத்தில் படுத்திருந்தபோது எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. படுத்தால் பிணம் மாதிரித் தூங்குவேன், உனக்கே தெரியும். கீழே படுக்க வந்த பிறகு என் தலைக்கு நேர் மேலே உன் பலகை. ஐந்து மணிக்கு நீ எழுந்து காலை இழுத்து நடப்பது கேட்கிறது. சொம்பு விழுவது கேட்கிறது. முந்தாநாள் இரண்டு தடவை விழுந்தது. அப்புறம் நீ "யா அல்லா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நடக்காமல் இருந்தாய். நான் எழுந்து உட்கார்ந்தேன். மேலே வரலாமா என்று ஏணிவரை வந்தேன். வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன். நாலு வருஷமாக இது தினமும் நடந்திருக்கிறது, நான் பக்கத்திலேயே குறட்டை விட்டிருக்கிறேன்.

மிஷினை ஏற்ற முடியாது, அது நிஜம். ஆனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறேன். நாளைக் காலையில் ஏணிக் கயிற்றைப் பார். ஒவ்வொரு படிக்கும் நேராக ஒரு தோல் வளையம் தைத்துக் கட்டியிருக்கிறேன், பதினோரு வளையம். உள்பக்கம் மெத்துத் தோல். கயிற்றை விரலால் பிடிக்க வேண்டாம். மணிக்கட்டை நுழைத்துக்கொண்டு இறங்கு. இரட்டைத் தையல், மாட்டைக் கட்டினாலும் அறாது.

ஷேக்


மேல்வீடு
20-2-2025, வியாழன்

மச்சானுக்கு,

வளையத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். முருகம்மா தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தவள், "என்னக்கா, யாரும் தவறிட்டாகளா?" என்று பதறிவிட்டாள்.

தையல் அவ்வளவு அழகு. சேட்டுகளுக்குக்கூட நீங்கள் இப்படித் தைத்துக் கொடுத்ததில்லை. ஆனால் மச்சான், என் கை அதில் நுழையவில்லை.

என்ன அளவு வைத்துத் தைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வளையல் எடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்ன அளவு, இரண்டேகால். இருபத்திரண்டு வருஷமாக அதை மறக்காமல் வைத்திருக்கிறீர்கள், அதற்கு உங்களைக் கட்டிக்கொண்டு அழலாம். ஆனால் என் விரல்முட்டு வீங்கி, அந்த வளையலெல்லாம் ஏறாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கையில் வளையல் இல்லாமல்தான் தினமும் உங்களுக்குச் சோறு போட்டேன். ஒரு நாளாவது கேட்டீர்களா, "வளையல் எங்க புள்ள?" என்று?

மூன்று நாளாகச் சோப்பு தடவிக் கையை நுழைத்து இறங்குகிறேன். தோல் உரிகிறது. ஆனால் விழவில்லை, அது உண்மை.

இன்னும் ஒன்று எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். வளையத்தைப் பெரிசாகத் தைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். என் நோய் என் கையோடு நிற்காது. அடுத்து முழங்காலுக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இப்போதே வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அப்போது காலுக்கு எதைத் தைப்பீர்கள்? சிறைக்கு நல்ல கதவு போட்டாலும் சிறை சிறைதான். நான் வளையம் கேட்கவில்லை. தரை கேட்டேன்.

நிசா


கார்கானா
24-2-2025, திங்கள்

மேல்வீட்டில் இருக்கும் மச்சானுக்கு,

சலாம். கூடையை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இதோடு உங்கள் வெற்றிலையும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் சோப்புப் போட்டு இறங்கி வந்தவள், சண்டாஸுக்குப் போய்விட்டு நேரே கார்கானாவுக்குள் நுழைந்து, வெட்டு மேஜைக்கு அடியில் ரிஜெக்ட் மூட்டைமேல் உட்கார்ந்தேன். இனி ஏற மாட்டேன் என்றேன். நீங்கள் கெஞ்சினீர்கள், கத்தினீர்கள். ஷாகிர் பாட்டை நிறுத்தினார். கடைசியில், "நீ இங்கன கெட, நா மேல போறேன்" என்று ஏணியில் ஏறிப் போனீர்கள். நான் இதைத்தான் நினைத்து வந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் ஏறினதும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள்.

ராத்திரி ஷமீமா என்கூடப் படுக்கிறாள். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் நாற்றம் தலையைச் சுற்றுகிறது. கொசு. ஷட்டரை இறக்கினால் மூச்சு முட்டுகிறது. கீழே சொர்க்கம் என்று சொல்லவில்லை. பகலில் ஐந்து ஆம்பிளைகள் நடுவில் முக்காட்டை இழுத்து இழுத்துக் கழுத்து வலிக்கிறது. பாவம், அவர்களுக்கும் சங்கடம். ஷாகிர் என்னைப் பார்க்காமலேயே தோல் வெட்டப் பழகிவிட்டார்.

அடுப்பு மேலே. சொல்யூஷன் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது, அதனால் அடுப்பு அங்கேயே இருக்கட்டும். நேற்று நீங்கள் இறக்கின சோறு களியாக இருந்தது. ஒரு குறையும் சொல்லாமல் தின்றேன். பருப்பில் உப்பு இருந்தது, இரண்டு பேருக்குப் போடுவதை ஒரு ஆளுக்கே போட்டிருந்தீர்கள்.

நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரி. ஷமீமா லீவு போட்டிருக்கிறாள்.

நிசா


மேல்வீடு
26-2-2025, புதன்

நிசா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

நேற்று நீங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு சோறு வடித்தேன். மூடி நழுவி வடிகஞ்சி வலது கையில் கொட்டிவிட்டது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கீழே இறங்கி டாக்டரைப் பார்க்கலாம் என்றால் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் மட்டும் இறங்கப் பார்த்தேன், இரண்டு படி இறங்கிப் பயந்து ஏறிவிட்டேன். சரி, வளையத்தில் நுழைக்கலாம் என்றால் அது இரண்டேகால். என் நாலு விரல்கூடப் போகவில்லை. நான் தைத்ததுதான்.

ஷாகிரைக் கூப்பிட்டேன். மிஷின் சத்தம், அதற்கு மேல் பாட்டு. உலக்கையை எடுத்துப் பலகையில் இடித்தேன். நான் மசாலா இடிக்கிறேன் என்று நினைத்தானாம். பதினோரு மணியிலிருந்து மூன்றரை மணிவரை மேலே கிடந்தேன். எனக்குச் சண்டாஸ் வேறு வந்துவிட்டது. தண்ணீர் தாகமாக இருந்தது, குடிக்கப் பயம். சொம்பைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அப்போதுதான் உன் சனிக்கிழமைக் கடிதம் எனக்குப் புரிந்தது. நாலு தடவை படித்தபோது புரியவில்லை.

நான் ஒரு நாள் கிடந்தேன். ஒரு வாரத்தில் கொப்புளம் ஆறிவிடும். உனக்கு ஆறாது. எனக்கு அழுகை வந்தது, நிசா. வெட்கப்படவில்லை.

நீ வந்து, கார்கானா வாசலில் நின்று, "ஷாகிர் பாய், மேல பாருங்க, அது மசாலா சத்தம் இல்ல" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பலகை ஓட்டை வழியாகத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை இரும்பு வேலை செய்கிறவரை மேலே வரவழைத்துக் காட்டினேன். நாலு மிஷினை மேல்தளம் தாங்காது. ஆனால் வெட்டு மேஜை ஏறும், ஒரு சின்ன மிஷினும் ஏறும். தோலை ஷாகிர் கயிற்றில் இழுத்துக்கொள்கிறேன் என்கிறான். மேஜை போனால் கீழே ஐந்தடி அகலம் மிச்சம். நடுவில் பிளைவுட் தட்டி அடித்துவிட்டால் உனக்கென்று தனியாகக் கதவு, சந்தைப் பார்த்து. பாய் விரித்தால் கால் தட்டியில் இடிக்கும். மிஷின் சத்தம் உன் காதிலேயே ஓடும். நாற்றமும் போகாது. பாதி ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சஹர் சமையல் நானும் ஷமீமாவும். கை ஆறும்வரை அவள்தான் வடிப்பாள்.

சம்மதமா என்று கேட்கிறேன். பதிலைக் கூடையில் போடாதே. ஏணிக்குக் கீழே வந்து நின்று வாயால் சொல்லு. சந்து முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை.

ஷேக்


தாராவி, கீழ்வீடு
1-3-2025, சனி

மச்சானுக்கு,

வாயால் சம்மதம் சொன்னதை முருகம்மா முதல் முனைக் கடைக்காரர் வரைக்கும் கேட்டாயிற்று. ஆனாலும் ஒரு கடுதாசி பாக்கி இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்று மிஷினும் ஓடுகிறது, இதை வாயால் சொன்னால் உங்களுக்குக் கேட்காது.

ஐந்தடி என்றீர்கள். முழம் போட்டுப் பார்த்தேன், நாலரைதான் இருக்கிறது. ராத்திரி உங்கள் முழங்கால் என் முதுகில், என் கால் தட்டியில். இந்தப் பெட்டிக்குள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மாத்திரை நேற்றுப் போட்டேன், இன்று வழக்கம்போல் ஓங்கரிப்பு. ஐந்து மணிக்கு எழுந்தேன், விரல் மடங்கவில்லை. கீழே வந்தால் நோய் போய்விடும் என்று நான் சொன்னதில்லை. முழங்காலுக்கு வருகிறது வரட்டும். படி இல்லாத இடத்தில் வரட்டும்.

விடியுமுன் நீங்களும் முழித்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொம்பைத் தேடினதும், உங்கள் கட்டுப் போட்ட கை வந்து அதை என் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்ததும் கனவில்லை. உடனே திரும்பிப் படுத்துவிட்டீர்கள். அதனால் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் பார்க்கவில்லை.

குடித்தேன். முழுச் சொம்பு. கணக்குப் பார்க்காமல், நடுவில் நிறுத்தாமல் குடித்தேன். குடித்துவிட்டு என் கதவைத் திறந்துகொண்டு, யாரையும் பிடிக்காமல் சந்து முனைக்கு நடந்து போய்விட்டு வந்தேன்.

இன்று பிறை பார்ப்பார்கள், நாளைக்கு முதல் நோன்பு. டாக்டர் வேண்டாம் என்கிறார், மனசு கேட்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் குடிக்க வழி பிறந்த மறுநாளே குடிக்கக் கூடாத நாள் வருகிறது, என் ராசி அப்படி. அதனால் இதை எழுதி முடித்ததும் இன்னொரு சொம்பு குடிக்கப் போகிறேன்.

நிசா